அம்மாவின் கையும் கினெக்ட் கேமராவும்

பக்கவாதத்துக்குப் பிறகு அம்மாவின் வலது கை தோளுக்கு மேல் எழவில்லை. பிசியோதெரபிஸ்ட் தினமும் முப்பது முறை தூக்கச் சொன்னார். "சுவத்தைப் பாத்துக்கிட்டு யாருடா கையத் தூக்குவா?" என்று அம்மா மறுத்துவிட்டார். டெல்லியில் நானும் மனைவியும் வேலைக்குப் போய்விட்டால் பகலில் அவருக்குப் பேச்சுத் துணைக்கும் ஆளில்லை. அப்போது நான் செய்து பார்த்ததை, வீட்டில் பெரியவர்களும் கல்லூரிப் பிள்ளைகளும் உள்ள நம் அன்பர்களுக்காக எழுதுகிறேன்.

மைக்ரோசாஃப்ட் 2010 நவம்பரில் வீடியோ விளையாட்டுக்காக வெளியிட்ட கேமரா கினெக்ட். 2017-இல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். பாலிகா பஜாரில் எனக்குக் கிடைத்தது எக்ஸ்பாக்ஸ் 360-க்கான முதல் மாடல், பழையது. அதன் பிளக் கணிப்பொறியில் நேராகச் சேராது. 12 வோல்ட் மின்சாரமும் யு.எஸ்.பி.யும் சேர்ந்த அடாப்டர் வேண்டும். அது தெரியாமல் ஒரு வாரம் சும்மா கிடந்தது.

கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரால் இது அறை முழுக்கப் புள்ளி வைக்கிறது, வாசலில் கோலத்துக்கு வைப்பதுபோல. புள்ளிகள் எவ்வளவு இடம் பெயர்ந்தன என்று பார்த்துத் தூரத்தைக் கணக்கிடுகிறது. கிடைப்பது 640-க்கு 480, அதாவது 3,07,200 எண்கள், நொடிக்கு முப்பது தடவை.

நிரல் எழுத பிராசஸிங் போதும். கேசி ரியாஸ், பென் ஃப்ரை இருவரும் 2001-இல் தொடங்கிய இலவச மென்பொருள். ஸ்கெட்ச் மெனுவில் இம்போர்ட் லைப்ரரிக்குப் போய், ஓபன் கினெக்ட் ஃபார் பிராசஸிங் என்று தேடி நிறுவ வேண்டும். விண்டோஸ் என்றால் இத்தோடு முடியாது; ஸாடிக் என்ற சிறு மென்பொருளால் டிரைவரை மாற்றணும். கேமரா, மோட்டார் என்று தனித்தனியாகக் காட்டும். நான் மோட்டாருக்கு மட்டும் மாற்றிவிட்டு இரண்டு இரவு கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சொந்தமாக எதுவும் எழுதுமுன் லைப்ரரியோடு வரும் உதாரண நிரலை ஓட்டுங்கள். சாம்பல் நிற உருவம் அசைந்தால் நிறுவியது சரி.

ஆழ எண் 0 முதல் 2047 வரை வரும். 2047 என்றால் 'தெரியவில்லை'. அம்மாவின் நாற்காலி இருக்கும் தூரத்து எண்களை மட்டும் வைத்துக்கொண்டு, தலையை விட்டு வலது பக்கத்தில் மிக உயரமான புள்ளியைத் தேடினேன். அதுதான் கை. அது கோட்டைத் தாண்டினால் திரையில் ஒரு மாங்காய் விழும். வரிசை எண் மேலிருந்து தொடங்குவதால், "கை மேல போனா நம்பர் கீழ போகுதே!" என்று அம்மாவுக்குச் சிரிப்பு.

ஒருநாள் மாலை வெயில் ஜன்னல் வழியே விழுந்ததும் படம் ஓட்டை ஓட்டையானது. சூரிய ஒளியிலும் அகச்சிவப்பு உண்டு. புள்ளிகள் அதில் கரைந்துவிடும். "நான் தூக்கினேன்டா, உன் மிஷின்தான் தூங்குது" என்றவர் முகம் வாடிவிட்டது. நோயாளியிடம் பொய் சொல்லும் கருவி, இல்லாததைவிட மோசம். திரைச்சீலை போட்டோம்.

கோட்டை எவ்வளவு ஏற்றலாம் என்பதை பிசியோதெரபிஸ்ட்தான் சொல்வார். போன வாரம் அம்மாவே இன்னும் பத்து வரிசை ஏற்றச் சொன்னார். இரண்டு மாங்காய் விழுந்தது, மூன்றாவதற்கு முடியவில்லை. கோட்டைப் பழைய இடத்துக்கே இறக்கினேன்.