மின்சாரம் போனால் இணையம் என்னாகும்? ஃபைபர், ஏர்ஃபைபர்: தேர்வுக்கு முன் அறிய வேண்டியவை

ஆலுவா: கேரள மாநிலம் எர்ணாகுளம் மாவட்டம், பெரியாற்றங்கரையில் உள்ள ஆலுவாவில் வீட்டு இணைய இணைப்பு பெற விரும்பும் குடும்பத்தின் முன் இரண்டு முக்கிய வழிகள் உள்ளன. ஒன்று, வீடு வரை வரும் கண்ணாடி இழை கேபிள் (ஃபைபர்). மற்றொன்று, அலைபேசிக் கோபுரத்திலிருந்து காற்றின் வழியே வரும் 5ஜி 'ஏர்ஃபைபர்'. விளம்பரங்கள் இரண்டையும் பெரும்பாலும் வேகத்தை வைத்தே ஒப்பிடுகின்றன. ஆனால் 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் மூழ்கிய இந்நகரில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: மின்சாரம் போனால் இணைப்பு என்னவாகும்?

பழைய தரைவழித் தொலைபேசிக்குத் தேவையான மின்சாரம், தொலைபேசி நிலையத்திலிருந்து செம்புக் கம்பி வழியாகவே வந்தது. ஆகவே வீட்டில் விளக்கு அணைந்தாலும் தொலைபேசி ஒலித்தது. கண்ணாடி இழையோ ஒளியை மட்டுமே கடத்தும். அந்த ஒளியை இணையமாக மாற்றித் தரும் சிறு பெட்டிக்கும் வைஃபை ரவுட்டருக்கும் வீட்டு மின்சாரம் தேவை. இவற்றில் பல 12 வோல்ட்டில் இயங்குபவை என்பதால், ரவுட்டருக்கென விற்கப்படும் சிறிய யுபிஎஸ் ஒன்றே சில மணி நேரம் தாக்குப்பிடிக்க உதவும்.

ஏர்ஃபைபருக்கும் இதே நிலைதான். கூடுதலாக, கோபுரத்தின் பேட்டரியும் தீர்ந்துவிடாமல் இருக்க வேண்டும்.

கண்ணாடி இழை துருப்பிடிக்காது. செம்பைப் போல இடிமின்னலின் மின்பாய்ச்சலை வீட்டுக்குள் கொண்டு வராது. துலாவர்ஷ மாதங்களில் இடி முழங்கும் கேரளத்தில் இது சிறிய நன்மை அல்ல. எனினும் கேபிள் மின்கம்பங்களின் வழியே செல்லும் இடங்களில் மரக்கிளை முறிந்து விழுந்தால் இணைப்பு அறுபடும். அறுந்த இழையை உருக்கி இணைக்கத் தனிக் கருவியும் பயிற்சி பெற்ற பணியாளரும் வேண்டும். எனவே மாதக் கட்டணத்தைவிட, பழுது நீக்க எத்தனை நாள் ஆகிறது என்பதை அதே தெருவில் இணைப்பு வைத்திருப்பவரிடம் விசாரிப்பது பயனுள்ளது.

ஏர்ஃபைபரில் கேபிள் இழுக்க வேண்டியதில்லை என்பதால், வீடு மாறும் வாடகைதாரர்களுக்கு அது ஏற்றது. ஜியோ ஏர்ஃபைபர் 2023 செப்டம்பர் 19 அன்று சென்னை உள்ளிட்ட 8 நகரங்களில் தொடங்கப்பட்டது; கொச்சி அந்த முதல் பட்டியலில் இடம்பெறவில்லை. கோபுரத்தின் அலைவரிசையை அப்பகுதி அலைபேசிகளும் பகிர்ந்துகொள்வதால், மாலை நேரங்களில் வேகம் குறையக்கூடும். வீட்டிலிருந்தபடியே காணொலிக் கூட்டங்களில் பங்கேற்று வேலை செய்வோர், கேபிள் எட்டும் இடத்தில் ஃபைபரையே தேர்வு செய்வது நல்லது.

வேகத்தைப் பொருத்தவரை ஒரு குழப்பம் நிலவுகிறது. 100 எம்பிபிஎஸ் என்பது விநாடிக்கு 100 மெகாபிட். கோப்பின் அளவைக் குறிக்கும் மெகாபைட் கணக்கில் அது 12.5 மட்டுமே. அதுவே நால்வர் கொண்ட குடும்பத்துக்குத் தாராளமானது. உயர்தர காணொலி ஒன்றுக்கு 5 எம்பிபிஎஸ் அளவே போதும்.

கேரளத்தில் தனியார் நிறுவனங்கள், பிஎஸ்என்எல் ஆகியவற்றுடன் மாநில அரசின் கே-ஃபோன் திட்டமும் களத்தில் உள்ளது. இணையத்தை அணுகும் உரிமை கல்வி உரிமையின் ஒரு பகுதி என, விடுதியில் அலைபேசிக் கட்டுப்பாட்டை எதிர்த்துக் கல்லூரி மாணவி தொடர்ந்த வழக்கில் கேரள உயர் நீதிமன்றம் 2019 செப்டம்பர் 19 அன்று தீர்ப்பளித்தது. 2023 ஜூன் 5 அன்று முதல்வர் பினராயி விஜயன் கே-ஃபோனைத் தொடங்கி வைத்தார். வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள 20 லட்சம் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்பது இலக்கு. முதற்கட்டத்துக்கு அறிவிக்கப்பட்டதோ தொகுதிக்கு 100 வீதம் 14,000 குடும்பங்கள். பிறருக்கான கட்டணம், தொடக்கத்தில், 20 எம்பிபிஎஸ் வேகத்துக்கு மாதம் 299 ரூபாய் என நிர்ணயிக்கப்பட்டது. இத்தகைய கட்டணங்களுக்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

'இணையம் மெதுவாக உள்ளது' என்ற புகாருக்கு இணைப்பு அன்றி வைஃபையே காரணமாக இருப்பதும் உண்டு. தடித்த வெட்டுக்கல் சுவர்களையும் கான்கிரீட் தளத்தையும் 5 கிகாஹெர்ட்ஸ் அலை எளிதில் கடப்பதில்லை. கூடிய வேகத் திட்டத்துக்கு மாறும் முன், ரவுட்டரை வீட்டின் நடுப்பகுதிக்கு மாற்றி வைத்தோ, கணினியை நேரடியாகக் கேபிளில் இணைத்தோ வேகத்தைச் சோதித்துப் பார்க்கலாம்.