பக்கத்தில் நிற்பவன் மனிதன்தானா?

மனிதனை விழுங்கி, அவனுடைய உருவத்தையும் குரலையும் நினைவுகளையும் அப்படியே மேற்கொண்டு, அவனுடைய நண்பர்களின் நடுவிலேயே உட்கார்ந்து உணவருந்தக்கூடிய ஒரு ஜந்து இருக்குமானால், அந்த நண்பர்கள் ஒருவரையொருவர் எவ்வாறு நம்புவார்கள் என்ற கேள்வியை அமெரிக்க எழுத்தாளர் ஜான் டபிள்யூ. கேம்ப்பெல் 1938இல் ஒரு குறுநாவலில் எழுப்பினார். அண்டார்டிகாவின் பனிவெளியில் தனித்துக் கிடக்கும் ஓர் ஆராய்ச்சி முகாம் அதற்குக் களம். 1982இல் ஜான் கார்ப்பென்டர் அதைத் 'தி திங்' என்ற திரைப்படமாக்கினார். இருபது ஆண்டுகள் கழித்து, லண்டனைச் சேர்ந்த கம்ப்யூட்டர் ஆர்ட்வொர்க்ஸ் நிறுவனம், அந்தப் படம் முடிந்த இடத்திலிருந்து தொடங்கும் ஒரு வீடியோ கேமை அதே பெயரில் வெளியிட்டது. பயத்தை ஊட்டும் விளையாட்டுகள் அநேகம் உண்டு. கூட வருகிறவர்களை நம்புவதையும், அவர்களால் நம்பப்படுவதையுமே உயிர்நாடியாக்கத் துணிந்தவற்றில் இதற்குத் தனி ஸ்தானம் உண்டு.

அந்த நிறுவனத்தைத் தோற்றுவித்த வில்லியம் லேதம் ஒரு கணினிக் கலைஞர். ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆராய்ச்சிக் கூடத்தில், உயிர்களின் பரிணாம விதிகளைப் பின்பற்றிக் கம்ப்யூட்டரின் உள்ளே விசித்திர உருவங்களை வளர்த்தெடுத்தவர். வடிவம் மாறும் ஒரு ஜந்துவின் கதை இத்தகையவர் கைக்கு வந்தது பொருத்தமே.

விளையாடுகிறவர் பிளேக் என்ற ராணுவ கேப்டன். அவருடன் வரும் சிப்பாயும் மருத்துவரும் பொறியாளரும் கட்டளைக்கு ஆடும் பொம்மைகள் அல்லர்; பிளேக்கே அந்த ஜந்துவாக இருக்கலாமே என்ற சந்தேகம் அவர்களுக்கும் உண்டு. ஒரு கதவு திறக்கவேண்டும், அதன் மின்பெட்டி பழுதாகிக் கிடக்கிறது, அதைச் சரிசெய்யத் தெரிந்த பொறியாளரோ அருகில் வர மறுக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அவனிடம் ஒரு துப்பாக்கியைக் கொடுக்கலாம், காயத்துக்கு மருந்திடலாம், அல்லது இரத்தப் பரிசோதனை ஊசியைத் தன் உடம்பிலேயே குத்தி, நான் மனிதன்தான் என்று அவன் கண்ணெதிரே நிரூபிக்கலாம். தவறி அவன்மீது ஒரு குண்டு பட்டுவிட்டாலோ, கொடுத்த ஆயுதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டாலோ, சேர்த்த நம்பிக்கை குறைகிறது. முற்றும் குறைந்தால் அவனுடைய துப்பாக்கி பிளேக்கை நோக்கித் திரும்புகிறது. அச்சத்துக்கும் இதைப்போலவே ஓர் அளவு உண்டு. இரத்தம் தோய்ந்த அறையில் நெடுநேரம் நிறுத்திவைத்தால் வீரன் குமட்டி வாந்தியெடுக்கிறான், நடுங்குகிறான், கடைசியில் புத்தி பேதலித்துப்போகிறான். வெளியே குளிர் உடலின் வெப்பத்தை உறிஞ்சுகிறது; உள்ளே இருள் மனத்தை அரிக்கிறது. துணைவனின் மனநிலையைத் துப்பாக்கி ரவையைப்போலவே எண்ணிப் பார்த்துச் செலவிடவேண்டிய ஒரு பொருளாக்கியது 2002இல் மெய்யாகவே துணிச்சலான சாதனை என்பது என் எண்ணம்.

இத்தனை அருமையான கருவியைச் செய்தவர்கள் அதன் அச்சாணியை மட்டும் பொருத்தாமல் விட்டுவிட்டார்கள் என்பதை வருத்தத்தோடு சொல்லவேண்டியிருக்கிறது. சந்தேகத்துக்குரிய ஒரு வீரனைச் சோதிக்கிறோம். அவன் மனிதன் என்று முடிவு வருகிறது. நிம்மதியாக அவனை அழைத்துக்கொண்டு அடுத்த அறையின் வாசற்படியைத் தாண்டுகிறோம். தாண்டிய மறுகணமே அவன் மார்பு பிளந்து ஜந்துவாகிறான். அந்த இடத்தில் அவன் மாறவேண்டும் என்று கதை எழுதியவர்கள் முன்கூட்டியே நிர்ணயித்துவிட்டார்கள். அதற்கு முந்திய கணம்வரை அவன் உள்ளே எதுவும் மறைந்திருக்கவில்லை. கொடுத்த துப்பாக்கியும் நஷ்டமில்லை. மாறியதும் அது தரையில் விழுகிறது, எடுத்துக்கொள்ளலாம். அப்படியானால் அவனை நம்பியதற்கு என்ன தண்டனை, நம்பாமல் இருந்திருந்தால் என்ன லாபம்?

ஓர் ஒற்றுமையை இங்கே நினைவுகூர விரும்புகிறேன். அந்தத் திரைப்படம் வெளிவந்த அதே 1982இல், லாம்போர்ட், ஷோஸ்டாக், பீஸ் என்ற மூன்று கணினி விஞ்ஞானிகள் 'பைசாந்தியத் தளபதிகளின் பிரச்சினை' என்ற ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார்கள். ஒரு நகரத்தை முற்றுகையிட்டிருக்கும் தளபதிகளுக்குள் சில துரோகிகள் கலந்திருக்க, நேர்மையானவர்கள் ஒருமித்த முடிவுக்கு வருவது எப்படி என்பது அவர்கள் எடுத்துக்கொண்ட வினா. வாய்ச்சொல்லை மட்டும் நம்பினால், மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டவர்கள் நேர்மையானவர்களாக இருந்தால்தான் அது கைகூடும் என்று நிறுவினார்கள். திரைப்படத்து முகாமில் இருந்தவர்கள் 12 பேர். இந்தக் கணக்கின்படி, அவர்களில் 3 பேர் ஜந்துவாயிருந்தாலும் எஞ்சியவர்கள் பேசித் தீர்மானிக்க வழியுண்டு, 4 பேராகிவிட்டால் இல்லை. ஆனால் யாராலும் போலி செய்யமுடியாத கையொப்பம் ஒன்று இருந்துவிட்டால், துரோகிகள் எத்தனை பேராயினும் உண்மையானவர்கள் ஒன்றுபட முடியும் என்பதும் அதே கட்டுரையின் முடிவு. படத்தில் மக்ரெடி என்ற விமானி, ஒவ்வொருவரின் இரத்தத்திலும் பழுக்கக் காய்ச்சிய கம்பியை வைத்துப் பார்க்கிற சோதனை அத்தகைய கையொப்பந்தான். ஜந்துவின் இரத்தம் பொய் சொல்லமுடியாமல் துள்ளி எழுகிறது. சோதனைக்கு முன்பே உண்மை ஒன்று இரத்தத்துக்குள் இருந்தது என்பதால்தான் அந்தக் காட்சியில் நமக்கு மூச்சு நின்றுபோகிறது. விளையாட்டின் ஊசிக்கோ கண்டுபிடிப்பதற்கு உள்ளே ஒன்றும் இல்லை.

இந்தக் குறைக்குக் காரணம் சோம்பல் அன்று. எழுதி முடிக்கப்பட்ட கதைக்கும் தானாக இயங்கும் உலகத்துக்கும் இயல்பாகவே உள்ள பகை அது. எந்த வீரனும் எந்தக் கணத்திலும் ஜந்துவாகலாம் என்று விட்டுவிட்டால், நாளைக்குக் கதவைத் திறக்கவேண்டிய பொறியாளன் இன்றைக்கே மாண்டுபோவான், கதை நின்றுவிடும். ஆகையால் யார் எதுவரை வாழவேண்டும் என்று கட்டங்கட்டமாக விதித்தார்கள். ஒரு கட்டம் முடிந்ததும் பழைய துணைவர்கள் பெரும்பாலும் மறைந்து, அடுத்ததில் புதியவர்கள் வந்தார்கள். பழகுவதற்குள் பிரிந்துவிடுகிறவர்களிடம் பாசம் எப்படி உண்டாகும்? பிற்பகுதியில் சந்தேகமும் தளர்ந்து, கண்டதைச் சுட்டு, சுட்டதைத் தீயிலிட்டு முன்னேறும் சாதாரண விளையாட்டாகவே அது நின்றுவிடுகிறது.

இந்தப் பகைக்கே இடமில்லாத வழியும் ஏற்கெனவே இருந்தது. மாஸ்கோவில் 1986 வாக்கில் மனோதத்துவ மாணவர் திமித்ரி டேவிடாஃப் உருவாக்கிய 'மாஃபியா' என்ற விளையாட்டுக்குக் கம்ப்யூட்டரே தேவைப்படவில்லை. தொடக்கத்திலேயே யார் துரோகி என்பது இரகசியமாகப் பங்கிடப்படுகிறது. அதன்பின் ஒவ்வொரு சொல்லும், ஒவ்வொரு மௌனமும் சாட்சியாகிவிடுகிறது. 2018இல் வந்து, 2020இல் உலகெங்கும் பரவிய 'அமங் அஸ்' அந்த வழியையே விண்கலத்துக்குள் கொண்டுபோயிற்று. அங்கே ஏமாற்றுகிறவனும் ஏமாறுகிறவனும் நிஜ மனிதர்கள். முன்கூட்டி எழுதிய கதை கிடையாது, ஆகையால் யார் முதலில் மடிந்தாலும் எதுவும் நின்றுபோவதில்லை.

'தி திங்' பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றும், அதைச் செய்த நிறுவனம் 2003இல் நொடித்துப்போக, திட்டமிட்டிருந்த இரண்டாம் பாகம் கைவிடப்பட்டது. 2024 டிசம்பரில் நைட்டைவ் ஸ்டூடியோஸ் முதல் விளையாட்டைப் புதுப்பித்து வெளியிட்டிருக்கிறது. நம்பிக்கை, அச்சம் என்ற இரண்டு அளவுகளையும் கதையின் பிடியிலிருந்து விடுவித்து, ஜந்து தீண்டிய கணத்திலேயே யார் கெட்டான் என்பதை இரகசியமாகக் குறித்துவைத்துக்கொண்டு, எந்தப் பொறியாளன் மாண்டாலும் வேறொரு வழி திறக்கும்படி ஒரு முகாமை முழுதும் கட்டிக்காட்டும் வேலையை இனி யாரேனும் மேற்கொண்டால், அவர்கள் முதலில் பிரித்துப் பார்த்துப் படிக்கவேண்டியது இந்த 2002ஆம் ஆண்டு விளையாட்டைத்தான்.