வடபழனி கொசுவும் வெள்ளைக்கார டாக்டர் போட்ட கணக்கும்!

வடபழனியில் வாடகைக்கு வீடு தேடி வருகிறவர்கள் புரோக்கரிடம் தவறாமல் மூன்று கேள்வி கேட்பார்கள். தண்ணி வருமா? வண்டி நிறுத்த இடம் இருக்கா? முருகன் கோயில் எவ்வளவு தூரம்? கொசு இருக்கா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. கேட்பானேன்? அதான் இருக்கிறதே!

நானும் பல வருஷமாகக் கொசுவோடு சமரசமாகத்தான் குடித்தனம் நடத்தி வந்தேன். சுருள், லிக்விட், சடசடவென்று பொறி பறக்கும் பேட்... மளிகை லிஸ்டில் அதற்கென்று ஒரு வரி நிரந்தரம். 2017 அக்டோபரில் அந்தச் சமரசம் முறிந்தது.

அப்போது ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்த என் மகளுக்கு ஜுரம். முதல் நாள் மாத்திரை. இரண்டாம் நாள் நிலவேம்புக் குடிநீர். மூன்றாம் நாள் “கண்ணுக்குப் பின்னாடி வலிக்குதுப்பா” என்றாள். ரத்தப் பரிசோதனை. டெங்கு. குறைந்தது ஒன்றரை லட்சம் இருக்க வேண்டிய தட்டணுக்கள் தொண்ணூறாயிரம் என்றார்கள். மறுநாள் நாற்பத்தொன்று. அதற்கு மறுநாள் இருபத்தாறு.

“இன்னும் இறங்குமா டாக்டர்?”

“காலையில பார்க்கலாம்.”

அந்த ராத்திரியைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. காலையில் முப்பத்திரண்டாயிரம். ஏறுமுகம்! ஆஸ்பத்திரி காண்டீனில் அன்று குடித்த காபி மாதிரி அப்புறம் நான் குடித்ததே இல்லை.

பகலிலும் அவள் கட்டிலுக்குக் கொசுவலை கட்டியிருந்தார்கள். “இனிமே கடிச்சா என்ன ஆகப் போகுது?” என்று நர்ஸம்மாவிடம் கேட்டேன். “வலை அவளுக்கு இல்ல சார், உங்களுக்கு” என்றார். அப்போது அது எனக்குப் புரியவில்லை.

வீடு திரும்பியதும் மேல் மாடிக்காரரோடு மாடிப்படியிலேயே சண்டை. அவர் பால்கனியில் இருபது பூந்தொட்டி. ‘உங்க தொட்டித் தண்ணிதான் சார் என் பொண்ணைப் படுக்க வெச்சது!’ என்று கத்தினேன். மனுஷர் பதில் பேசவில்லை.

மறுநாள் மாநகராட்சியிலிருந்து கொசுப்புழு தேடி இரண்டு பெண்கள் டார்ச்சோடு வந்தார்கள். தொட்டியெல்லாம் பார்த்துவிட்டு என் வீட்டுக்குள் வந்தவர், “பிரிட்ஜைக் கொஞ்சம் நகர்த்துங்க” என்றார். நகர்த்தினேன். பின்னால், தண்ணீர் சொட்டுகிற ட்ரே. அப்படி ஒன்று அங்கே இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். டார்ச் வெளிச்சத்தில் உள்ளே குட்டிக் குட்டியாக நெளிந்தது. நிமிர்ந்து பார்த்தால் வாசலில் மேல் மாடிக்காரர். கையில் ஃபிளாஸ்க். மகளுக்குக் கஞ்சி கொண்டு வந்திருக்கிறார்! அப்போதும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அபார்ட்மெண்ட் மீட்டிங். “பக்கத்துலயே கால்வாய் ஓடுது. கோடி கொசு இருக்கு. எல்லாத்தையும் ஒழிக்க முடியுமா?” என்று செக்ரட்டரி கை விரித்தார். எம்.எஸ்ஸி. கணக்கு படிக்கும் என் மச்சினன் பையன் அன்று வந்திருந்தான். “எல்லாத்தையும் ஒழிக்க வேண்டாமே மாமா. ரொனால்ட் ராஸ் எப்பவோ கணக்குப் போட்டுச் சொல்லிட்டாரு” என்றான்.

ராஸ் யார் என்கிறீர்களா? 1857-ல் அல்மோராவில் பிறந்த வெள்ளைக்கார டாக்டர். 1881-ல் ராணுவ வைத்தியராக மதராஸ் மாகாணத்துக்கு வந்தார். சிப்பாய்களுக்கு மருந்து கொடுத்த நேரம் போகக் கவிதை எழுதினார், நாவல் எழுதினார், யாரும் சொல்லிக் கொடுக்காமலே உயர் கணிதம் படித்தார். பெங்களூரில் இருந்தபோது பங்களா ஜன்னலுக்கு வெளியே ஒரு தண்ணீர்த் தொட்டியில் புழு நெளிவதைப் பார்த்துத் தொட்டியைக் கவிழ்த்தார். அறையில் கொசு அடங்கிவிட்டது! எல்லாத் தொட்டியையும் கவிழ்க்கலாமே என்று மேலதிகாரியிடம் போனால், ‘கொசுவை ஏதோ காரணமாகத்தான் படைத்திருக்கிறது, பொறுத்துக்கொள்வதுதான் நம் கடமை’ என்கிற ரீதியில் பதில் வந்ததாம். (எங்கள் செக்ரட்டரிக்குப் பூர்வ ஜென்மம் உண்டென்றால் அது இவராகத்தான் இருக்கும்.)

1897 ஆகஸ்ட் 20-ல் செகந்திராபாத்தில், கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டுபிடித்தார். 1902-ல் நோபல் பரிசு. இதெல்லாம் பள்ளிப் பாடத்திலேயே வருகிறது. அவர் போட்ட கணக்குத்தான் வருவதில்லை. 1908-ல் மொரிஷியஸ் தீவுக்காக எழுதிய அறிக்கையிலும், 1911-ல் வெளியிட்ட புத்தகத்திலும் மலேரியாவைச் சமன்பாடாக எழுதிக் காட்டினார் மனுஷர். ஒரு நோயாளியிடமிருந்து சராசரியாக ஒரு புது ஆளுக்கும் குறைவாகப் பரவினால் போதும். நோய் தானாகத் தேய்ந்துவிடும். அதற்குக் கொசு பூஜ்யமாக வேண்டியதில்லை. ஒரு அளவுக்குக் கீழே போனால் சரி! பல டாக்டர்கள் இதை லேசில் ஒப்புக்கொள்ளவில்லை.

மச்சினன் பையன் மீட்டிங் நோட்டீஸின் பின்பக்கத்திலேயே மீதியை எழுதிக் காட்டினான். நோய் பரவ ஒரு கொசு இரண்டு தடவை கடிக்க வேண்டும். வாங்க ஒரு கடி, கொடுக்க ஒரு கடி. கடிப்பது பாதியானால் பரவுவது பாதியா? இல்லை, பாதியில் பாதி... கால்! (நர்ஸம்மா கட்டிய வலை அந்த முதல் கடிக்குத்தான் என்று அப்போது உறைத்தது.)

இரண்டு கடிக்கும் நடுவே கொசுவின் உடம்பில் கிருமி பக்குவமாக டெங்குவுக்குச் சுமார் பத்து நாள் ஆகும். அதுவரை கொசு உயிரோடு இருந்தாக வேண்டும். தினமும் நூற்றுக்குப் பத்து கொசு செத்தால், பத்தாம் நாள் நூறில் முப்பத்தைந்து மிஞ்சும். தினமும் இருபது பங்கு செத்தால்? பதினொன்றுதான் மிஞ்சும்! சாவு இரண்டு மடங்கானால் ஆபத்து மூன்றில் ஒன்றாகிறது. கொசுவின் ஆயுசில்தான் சூட்சுமம் என்று ராஸின் கணக்கை நீட்டிக் காட்டியவர் ஜார்ஜ் மெக்டொனால்ட், 1950-களில். ஆக, நான் பேட் வீசியது முழுக்க வீண் இல்லை!

ராஸோடு 1901-ல் சியரா லியோன் போன மெக்கென்ட்ரிக் என்ற ராணுவ டாக்டருக்கும் இந்தக் கணக்குப் பித்து தொற்றிக்கொண்டது. இந்தியாவில் வேலை பார்த்துவிட்டு எடின்பரோ போனவர், ஆய்வுக்கூட விபத்தில் பார்வை இழந்த கெர்மாக்கோடு சேர்ந்து 1927-ல் ஒரு கட்டுரை எழுதினார். எல்லாருக்கும் வந்து தீர்ந்த பிறகுதான் கொள்ளைநோய் அடங்கும் என்பதில்லை, வரக்கூடியவர்கள் எண்ணிக்கை ஒரு அளவுக்குக் கீழே இறங்கினாலே அடங்கும் என்பது அதன் சாரம். உதாரணத்துக்கு எடுத்துக்கொண்டது 1905-06 பம்பாய் பிளேக் சாவுக் கணக்கை.

2020-ல் கொரோனா வந்தபோது உலகம் பூராவும் தூசி தட்டி எடுத்தது இவர்கள் கணக்கைத்தான். எங்கள் பக்கத்துக் கோயம்பேடு மார்க்கெட்டிலிருந்து நோய் பரவி மே 5-ந் தேதி அதை மூடினார்களே, அந்த நாட்களில் நம்ம தரமணி கணித அறிவியல் நிறுவனத்தில் சிதாப்ர சின்ஹா, ஒருவரிடமிருந்து எத்தனை பேருக்குப் பரவுகிறது என்ற ‘ஆர்’ எண்ணைக் கணக்கிட்டு அவ்வப்போது சொல்லிக்கொண்டிருந்தார். தக்காளி வாங்கவே பயந்து உட்கார்ந்திருந்த நான், பேப்பரில் முதலில் தேடியது அந்த எண்ணைத்தான். ஒன்றுக்கு மேலா, கீழா?

கணக்கு ஜோசியம் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். 2021-ல் வந்த இரண்டாம் அலையின் உயரத்தைக் கோட்டை விட்ட கணக்குகளும் உண்டு. உள்ளே போடுகிற தகவல் பிசகினால் வெளியே வருகிற விடையும் பிசகும்.

எங்கள் அபார்ட்மெண்டில் எந்தத் தகவலும் பிசகவில்லை. முட்டை கொசுவாகிப் பறக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும் என்பதால் ஞாயிறுதோறும் ரோந்து. பூந்தொட்டித் தட்டு, மொட்டை மாடி டயர், தேங்காய் ஓடு எல்லாம் கவிழ்ப்போம். கவிழ்த்தால் போதாது, தேய்த்தும் கழுவ வேண்டும். பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிய முட்டை மாசக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் தண்ணீர் பட்டால் பொரிக்குமாம்.

மகள் இப்போது வேலைக்குப் போகிறாள். ரோந்துக்கு நானும் மேல் மாடிக்காரரும்தான் ஜோடி. போன ஞாயிறு அவர் பால்கனியிலிருந்து ஆரம்பிக்கலாமே என்று படியில் கால் வைத்தேன். டார்ச்சைத் தட்டிக்கொண்டே சொன்னார்:

“முதல்ல உங்க பிரிட்ஜ், சார்.”