ஓடுபாதைக்குக் குறுக்கே கடற்காற்று

விழிஞ்ஞத்திலிருந்து கரையோரமாக வடமேற்கே போனால் சங்குமுகம். அங்கேதான் திருவனந்தபுரம் விமான நிலையம். 1932-இல் கோதவர்ம ராஜாவின் முயற்சியால் பறப்புக் கழகத்துக்காகத் தொடங்கிய இடம் அது. சிறிய செஸ்னா விமானங்களில் பல தலைமுறை மாணவர்கள் அங்கே பறக்கப் பழகியிருக்கிறார்கள்.

ஓடுபாதையின் பெயர் 14/32. எண்ணோடு ஒரு சுழியைச் சேர்த்தால் திசைகாட்டிப் பாகை: ஒரு முனைக்கு 140, மறுமுனைக்கு 320. பாதை ஏறக்குறையக் கரைக்கு இணையாகக் கிடக்கிறது. பகல் வெயிலில் நிலம் கடலைவிடச் சீக்கிரம் சூடேற, அதன்மேல் உள்ள காற்று எழும்புகிறது; அந்த இடத்தை நிரப்பக் கடற்காற்று உள்ளே வருகிறது. ஆகவே பிற்பகலில் இறங்கும் விமானத்தைக் காற்று பக்கவாட்டிலிருந்து தள்ளும்.

வானில் இது பெரிய தொல்லையல்ல. நீரோட்டத்தில் வள்ளம் செலுத்துபவர் அணியத்தை ஓட்டத்துக்கு எதிராகச் சற்றே திருப்பிவைப்பதுபோல, விமானி மூக்கைக் காற்றுப்பக்கம் திருப்பினால் போதும். சக்கரம் தரையைத் தொடும் நொடிதான் சிக்கல். கோணலாகத் தொட்டால் சக்கரக் கால்கள் பக்கவாட்டு விசையைத் தாங்க வேண்டும். அதனால் தரைக்கு நெருங்கியதும் காற்றுப்பக்க இறக்கையைத் தாழ்த்தி, எதிர்ப்பக்கச் சுக்கான் மிதியை அழுத்தி மூக்கைப் பாதைக்கு நேராக்குவார்கள். காற்றுப்பக்கச் சக்கரம் முதலில் தரைதொடும். மற்றது பின்னால் வரும்.

காற்றின் அளவைச் சொல்வது ‘மெட்டார்’ வானிலை அறிக்கை. அதில் 26012 என்றிருந்தால், 260 பாகையிலிருந்து 12 நாட் வேகத்தில் காற்று வீசுகிறது என்று பொருள். 320 பாகைத் திசையில் இறங்குபவருக்கு இடைக்கோணம் 60 பாகை. அந்தக் கோணத்தில் காற்றின் வேகத்தில் ஏறக்குறையப் பத்தில் ஒன்பது பங்கு, அதாவது 10 நாட்டுக்குச் சற்று மேல், குறுக்கே தள்ளும். செஸ்னா 152 கையேடு, சோதனைப் பறப்பில் சமாளித்துக் காட்டப்பட்ட குறுக்குக் காற்றாகச் சொல்வது 12 நாட். கணக்கு நெருக்கமாகிவிட்டது. அதே வரியில் ‘ஜி22’ என்றும் இருந்தால், 22 நாட் வரை திடீர் வீச்சு உண்டு. குறுக்கு விசை 19 நாட் வரை ஏறும். மாணவர் அன்று கிளம்பக் கூடாது. ‘சி.பி.’ என்றிருந்தால் இடிமேகம். துலாவர்ஷம் எனப்படும் வடகிழக்குப் பருவமழை மாதங்களின் பிற்பகல்களில் அதைத் தேடிப் பார்க்க வேண்டும்.

காற்று தணிந்த காலை நேரம் புதியவருக்கு ஏற்றது. ஆனாலும் பிற்பகல் காற்றையும் ஆசிரியரை அருகில் வைத்துப் பழகியே தீர வேண்டும்: காலையில் ஏறியவர் எங்கோ தாமதித்து, கடற்காற்று எழுந்தபின் இறங்க நேரிடலாம்.