பழுதான வண்டியைக் கட்டி இழுக்கும்போது



இப்போது பல கிராமங்களில் பிக்கப் வண்டிகள் ஓடுகின்றன. காய்கறியைச் சந்தைக்கு ஏற்றிப்போவதும் அதுதான். பக்கத்துத் தோட்டக்காரரின் ஜீப்போ வேனோ வழியில் நின்றுபோனால் கட்டி இழுக்கப் போவதும் அதுதான். "ஒரு கயிறு கொண்டாப்பா, இழுத்துக்கிட்டு வந்துடலாம்" என்று கிளம்பிவிடுகிறோம். உதவுகிற மனசு நல்லதுதான். ஆனால் இழுக்கும்போது கயிறு அறுந்து, அதன் முனை சுண்டி அடித்தால் பக்கத்தில் நிற்கிறவர் உயிருக்கே ஆபத்து.

கயிறு ஏன் அறுகிறது? பாரம் தாங்காமல் என்று நினைக்கிறோம். தார் ரோட்டில் பெரும்பாலும் அப்படியில்லை. வெடுக்கென்று இழுப்பதால்தான் அறுகிறது.

ஒரு கணக்குப் பார்ப்போம். ஒன்றரை டன் எடையுள்ள வண்டி, நியூட்ரலில், சமமான தார் ரோட்டில் நிற்கிறது. அதை மெல்ல உருட்டிப்போக 20, 25 கிலோ இழுப்பே போதும். அதனால்தான் இரண்டு பேர் தள்ளினாலே நகர்கிறது. இப்போது கயிறு தொய்ந்து கிடக்கும்போது, அதே எடையுள்ள பிக்கப் மணிக்கு 5 கிலோமீட்டர், அதாவது நாம் நடக்கிற வேகத்தில் கிளம்புகிறது என்று வையுங்கள். கயிறு திடீரென்று விறைக்கிறது. அது 10 சென்டிமீட்டர்தான் நீளும் என்றால், அந்தக் கணத்தில் கயிற்றின்மேல் விழும் இழுப்பு ஒரு டன்னுக்கு மேல்! இரும்புச் சங்கிலி நீண்டுகொடுக்காது. அதில் அடி இன்னும் பலமாக விழும்.

பழகின வண்டிமாட்டைப் பாருங்கள். நுகத்தில் பாரம் ஏறினதைத் தெரிந்துகொண்டு, அப்புறம்தான் முழுத் தோளையும் கொடுக்கும். நாமும் அப்படித்தான் செய்ய வேண்டும். முதல் கியரில், கிளட்சை மெல்ல விட்டு, கயிறு விறைத்த பிறகே இழுக்க வேண்டும்.

கிணற்றடியில் கிடக்கிற பழைய கயிறு இந்த வேலைக்கு ஆகாது. வெயிலில் வெளுத்துப்போன நைலான் கயிறும் ஆகாது. வண்டி இழுப்பதற்கென்றே விற்கிற நைலான் பட்டையை வாங்கி வையுங்கள். அறுந்ததை முடிச்சுப் போட்டுச் சேர்க்காதீர்கள். முடிச்சு விழுந்த இடத்தில் பலம் பாதிவரைகூடக் குறையலாம். பம்பரில் கட்டினால் பம்பர் கையோடு வந்துவிடும். ஸ்டியரிங் கம்பியிலும் கட்டக் கூடாது. இழுப்பதற்கென்று சேஸிஸில் வைத்திருக்கிற கொக்கியிலோ வளையத்திலோதான் மாட்ட வேண்டும். கட்டின பிறகு கயிற்றின் நடுவில் ஒரு ஈரச் சாக்கைப் போட்டுவையுங்கள். கயிறு அறுந்தாலும் சுண்டி அடிக்கிற வேகத்தை அது குறைக்கும். வேடிக்கை பார்க்க வரும் பிள்ளைகளைக் கயிற்றின் நீளத்தைவிட ஒன்றரை மடங்கு தூரத்துக்கு அப்பால் நிறுத்துங்கள். இழுக்கும்போது கயிற்றை யாரும் தாண்டக் கூடாது.

இழுக்கிறவருக்குத்தான் வேலை அதிகம் என்று எண்ணுகிறோம். உண்மையில் பின்வண்டியில் உட்காருபவர் பொறுப்பே பெரியது. எஞ்சின் ஓடாத வண்டியில் பிரேக்குக்குத் துணைசெய்யும் சக்தி இரண்டு மூன்று மிதியோடு தீர்ந்துவிடும். அப்புறம் பிரேக் கல் மாதிரி இருக்கும். பலமாக மிதித்தால்தான் பிடிக்கும். பவர் ஸ்டியரிங்கும் கனத்துப்போகும். சாவியை எடுத்துவிட்டால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். ஆகவே சாவி போட்டுத் திருப்பியபடியே இருக்கட்டும். கயிறு தொய்கிறபோது லேசாகப் பிரேக் மிதித்து அதை விறைப்பாக வைத்திருப்பது பின்வண்டிக்காரர் வேலை. ஆகவே விவரம் தெரியாத பையனை அங்கே உட்கார வைக்காதீர்கள். பிரேக்கே பிடிக்காத வண்டியைக் கயிறு கட்டி இழுக்கவே கூடாது. அதைக் கிரேன் வண்டியில் தூக்கித்தான் கொண்டுபோக வேண்டும்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 2017-ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகளின்படி, கயிற்றில் இழுபடும் வண்டியின் ஸ்டியரிங்கில் லைசென்ஸ் உள்ளவர் இருக்க வேண்டும். இரண்டு வண்டிக்கும் நடுவே இடைவெளி 5 மீட்டரைத் தாண்டக் கூடாது. இழுத்துவரப்படும் வண்டி என்று பின்னால் வருகிறவர்களுக்குத் தெரியும்படி பலகையும் மாட்டுங்கள். வேகம் மணிக்கு 20 கிலோமீட்டருக்குள் இருப்பது நல்லது. இருட்டிவிட்டால் காலையில் பார்த்துக்கொள்ளலாம்.

சேற்றில் மாட்டின வண்டி சங்கதி வேறே. சக்கரம் முழுக்கப் புதைந்திருந்தால், அதை வெளியே எடுக்க ஏறக்குறைய வண்டியின் எடை அளவுக்கே இழுப்பு வேண்டியிருக்கும். அந்த ஒன்றரை டன் வண்டிக்கு ஒன்றரை டன் இழுப்பு! வெறும் பிக்கப்பின் பின்சக்கரத்தில் அவ்வளவு பிடிப்பு கிடையாது. வழுக்கிக்கொண்டு தானும் புதையும். ஆகவே முதலில் பாரத்தை இறக்குங்கள். மண்வெட்டியால் சக்கரத்தின் முன்பக்கத்துச் சேற்றை வெட்டிச் சரிவாக வழி விடுங்கள். பலகையோ கல்லோ வைக்கோலோ போடுங்கள். இந்த அரைமணி நேர வேலை இழுப்பைப் பெரிதும் குறைத்துவிடும். டிராக்டர் வைத்து இழுப்பதானால் பின்னால் கீழே இருக்கிற இழுவைக் கொக்கியில் மட்டும் மாட்டுங்கள். பின் அச்சுக்கு மேலே கட்டினால் டிராக்டர் முன்பக்கம் தூக்கி, ஓட்டுகிறவர்மேலேயே கவிழ்ந்துவிடும்.

ஆகவே, கயிறு நல்லதாக இருக்கட்டும்; கட்டுகிற இடம் சேஸிஸாக இருக்கட்டும்; ஆட்கள் தள்ளி நிற்கட்டும்; இழுப்பு மெதுவாக இருக்கட்டும். நின்றுபோன வண்டியை நாளைக்கும் கொண்டுவரலாம். போன காலையும் கண்ணையும் கொண்டுவர முடியாது.