கண்ணைத் தொடாமலே கண் அமுக்கத்தை அளத்தல்

கண் பரிசோதனைக்குச் செல்லும் எம்மவர் பலர், கருவியொன்றின் முன் நாடியை வைத்ததும் திடீரெனக் கண்ணிற் படும் காற்றினால் திடுக்குற்றுத் தலையை இழுத்துக்கொள்வதுண்டு. மொழி விளங்காத நாட்டில், இது எதற்காக என்று கேட்கவும் தயங்குவர். அக்காற்று கண்ணின் உள்ளமுக்கத்தை அளப்பதற்கானது.

விழியினுள் ஒருவகைத் திரவம் இடையறாது சுரந்து வெளியேறுகின்றது. வெளியேறும் வழி தடைப்படின் அமுக்கம் உயர்ந்து, பார்வை நரம்பு சிறுகச் சிறுகச் சிதையக்கூடும். இதுவே குளுக்கோமா. பெரும்பாலும் நோவு இராது. பார்வையின் ஓரங்களே முதலில் பாதிக்கப்படுவதால் நோயாளி அதனை உணர்வதும் அரிது. இழந்த பார்வையோ மீளாது.

சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரில் பணியாற்றிய ஹான்ஸ் கோல்ட்மன் 1950களில் அமைத்த கருவியே இன்றும் நியம அளவீடாகக் கொள்ளப்படுகின்றது. கண்ணை மரக்கச் செய்யும் மருந்திட்டு, விழிவெண்படலத்தைத் தொட்டு, 3.06 மில்லிமீற்றர் விட்டமுள்ள பரப்பு தட்டையாகும்வரை அழுத்தி அது அளக்கின்றது.

1972இல் அமெரிக்காவில் பேர்னார்ட் குரோல்மன் தொடாமல் அளக்கும் முறையை வெளியிட்டார். காற்று விழிவெண்படலத்தை அழுத்துகையில், கண்ணுக்குப் புலப்படாத செந்நிறக்கீழ் ஒளி சாய்வாகப் பாய்ச்சப்படுகின்றது. வளைந்த பரப்பு அவ்வொளியைப் பல திசைகளிற் சிதறடிக்கும். தட்டையாகும் கணத்தில் ஆடிபோலாகி, மறுபுறமுள்ள உணர்கருவிக்கு ஆகக் கூடிய ஒளியை அனுப்பும். அக்கணத்துக்குரிய காற்றின் விசையிலிருந்து அமுக்கம் கணிக்கப்படுகின்றது. கண் இமைப்பதற்குள் யாவும் முடிந்துவிடும். மரக்க மருந்து தேவையில்லை. கண்ணுக்குக் கண் தொற்றுப் பரவும் அச்சமும் குறைவு.

வழமையான அளவு 10 முதல் 21 மில்லிமீற்றர் இரசம். ஆயினும் இவ்வெண் ஒன்றே தீர்ப்பாகாது. விழிவெண்படலம் தடித்திருப்பின் அளவு கூடுதலாகவும், மெலிந்திருப்பின் குறைவாகவும் காட்டும். லேசர் சிகிச்சையினால் அதனை மெலியச் செய்தோர் இதனை வைத்தியருக்கு அறிவித்தல் வேண்டும். அமுக்கம் சீராக இருந்தும் இந்நோய்க்கு ஆளாவோர் உளர். ஆகவே பார்வை நரம்பையும் பார்வைப் பரப்பையும் சோதிப்பது அவசியம்.

பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இந்நோய் இருப்பின் ஆபத்து அதிகம். ஊரில் விட்டுவந்த தந்தையின் பார்வை மங்கியதை முதுமை என்றே நாம் எண்ணியிருக்கலாம். உறவினரிடம் தொலைபேசியிற் கேட்டறிந்து, அவ்விபரத்தைக் கண் வைத்தியரிடம் கூறுங்கள். மொழி தெரியாவிடின் மொழிபெயர்ப்பாளரை அழைத்துச் செல்லுங்கள். உரிய காலத்திற் கண்டறிந்தால், நாள்தோறும் இடும் சொட்டு மருந்தே பலருக்கு எஞ்சிய பார்வையைக் காத்துத் தரும்.