விரை வீக்கமும் அல்ட்ராசவுண்ட் பரிசோதனையும்

விரைப்பையில் வலியோ வீக்கமோ கண்டவர், அதை வைத்தியரிடம் சொல்லக் கூசி, உடற்சூடு என்றும் பாரம் தூக்கியதால் வந்தது என்றும் தமக்குத் தாமே ஒரு காரணம் கற்பித்துக்கொண்டு, விளக்கெண்ணெய் தடவி நாட்களைக் கழிப்பது நம்மிடையே பரக்கக் காணும் வழக்கம். இந்த லஜ்ஜையால் விளையும் அபாயம் பெரிது. ஏனெனில், வெளிப்பார்வைக்கு ஒரே மாதிரியான அந்த வீக்கத்துக்குள்ளே மாத்திரைகளால் தீரக்கூடிய கிருமித்தொற்றும் இருக்கலாம், விரையையே பறித்துவிடும் முறுக்கமும் இருக்கலாம்.

முதலில் தீர வேண்டிய சந்தேகம்

விரையைத் தாங்கும் நாளக்கொடி முறுக்கிக்கொண்டு ரத்த ஓட்டம் தடைப்படுமாயின், சுமார் 6 மணி நேரத்துக்குள் ரண சிகிச்சை செய்தால்தான் விரை பிழைக்கும் என்று பெரும்பாலும் நம்பலாம். ரத்த ஓட்டத்தை வர்ணங்களாகக் காட்டும் டாப்ளர் என்னும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில், தொற்றுள்ள இடம் நிறம் மிகுந்தும், முறுக்குண்ட விரை நிறம் குறைந்தோ முற்றும் அற்றோ தோன்றும். ஆயினும் அரைகுறை முறுக்கத்தில் ஓட்டம் ஓரளவு இருக்கக்கூடுமாகையால், அறிகுறிகள் தெளிவாக உள்ளபோது ஸ்கேனுக்காகக் காலம் தாழ்த்துவது தகாது.

தொற்றின் இருப்பிடம்

விரையின் பின்புறத்தில் சுருண்டு கிடக்கும் எபிடிடிமிஸ் என்னும் நாளத்தின் வால்பகுதியே, மூத்திரப் பாதை வழியாக ஏறிவரும் கிருமிகளுக்கு முதல் இலக்கு. ஆகவே ஸ்கேனில் அது பருத்து, நிறம் மிகுந்து, பிறகு விரையும் வீங்கக் காண்கிறோம். இளைஞர்களிடம் வெட்டை, கிளமிடியா ஆகிய பால்வினைக் கிருமிகளும், முதியோரிடம் மூத்திரத் தடையை ஒட்டிய ஈ.கோலை கிருமியும் இதற்குப் பொதுவான காரணங்கள். பொன்னுக்குவீங்கியோ ரத்தத்தின் வழியே வருவதால் விரையையே முதன்மையாகத் தாக்கும். க்ஷயரோகம் மெல்ல வளர்ந்து, அதிக வலியின்றி, எபிடிடிமிஸை ஒழுங்கற்ற முடிச்சுகளாக்கிச் சுண்ணாம்புப் படிவுகளையும் உண்டாக்கும். சிலருக்குத் தோலைத் துளைத்துச் சீழும் வடியும்.

யானைக்கால் புழுவின் நடனம்

யானைக்கால் நோய் நெடுங்காலம் பீடித்த நம் நாட்டில் தனியே கருத வேண்டிய விஷயம் ஒன்றுண்டு. இந்நோயின் முதிர்ந்த புழுக்கள் ஆண்களுக்கு விரைப்பையின் நிணநீர்க் குழாய்களில் குடிகொள்ளும். இரவில் ரத்தம் எடுத்து அவற்றின் நுண்குஞ்சுகளைத் தேடியதே பழைய முறை. 1994-இல் பிரேஸில் நாட்டு ரெஸிஃபே நகர ஆராய்ச்சியாளர்கள், உயிருள்ள புழுக்கள் விரிந்த குழாய்களுக்குள் இடைவிடாது நெளிவதை அல்ட்ராசவுண்ட் திரையிலேயே கண்டு, அதனை ஃபைலேரியா நடனம் என்று குறித்தார்கள். புழு மடிந்தால் அவ்விடம் அழன்று வலிப்பதால், அதைச் சாதாரணத் தொற்றென்று மயங்குவதும் உண்டு.

ஸ்கேன் சொல்லாதது

அல்ட்ராசவுண்ட் கருவி நோயின் இடத்தையும் தன்மையையும் காட்டுமேயன்றிக் கிருமியின் பெயரைச் சொல்லாது. அதற்கு மூத்திரப் பரிசோதனை வேண்டும். மருந்துக்குப் பிறகும் வீக்கம் வற்றாவிடில், புற்றுநோயோ சீழ்க்கட்டியோ மறைந்திருக்கிறதா என்று மறுபடி ஸ்கேன் செய்துகொள்வது அவசியம். நீரிழிவுள்ளவருக்கு விரைப்பைத் தோல் கறுத்து நாற்றமெடுத்தால், அது உயிருக்கே ஆபத்தான அழுகல் நோயாக இருக்கலாம். உடனே ரண சிகிச்சை தேவை.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள்: சிறுவன் நள்ளிரவில் அடிவயிறு வலிக்கிறதென்று வாந்தியெடுத்தால், விரையிலும் வலியுண்டா என்று தயங்காமல் கேளுங்கள்; உண்டென்றால் விடியும்வரை காத்திராமல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள்.